பரீட்சை மண்டபத்துக்கு முந்திய ஆண்டுகள்



 

ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் நம்முடைய ஊர்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு வீட்டில் இனிப்புப் பகிரப்படுகிறது. அடுத்த வீட்டில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் முற்றத்தில் சித்தியடைந்த பிள்ளையின் தந்தையைச் சூழ்ந்து நின்று வாழ்த்துகிறார்கள். மற்றத் தந்தை தொழுகை முடிந்ததும் யாருடைய கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். அன்றிரவு அந்த வீட்டில், "எங்கே பிழைத்தது?" என்ற கேள்வி எழுகிறது. ஆசிரியர் மீது, பாடசாலை மீது, கைத்தொலைபேசி மீது, இறுதியில் பிள்ளை மீது என்று பழி மாறி மாறிச் சுமத்தப்படுகிறது.

அந்தப் பெறுபேற்றின் பெரும் பகுதி பரீட்சை எழுதிய ஆண்டில் தீர்மானிக்கப்பட்டதன்று என்பதே இன்று உங்களிடம் நான் சொல்ல வந்த செய்தி. அது தரம் 6 இலும், 7 இலும், 8 இலும், யாரும் கவனிக்காத சாதாரண நாட்களில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பரீட்சை மண்டபம் அதனை வெளிக்காட்டும் இடம் மாத்திரமே. எனவே, போட்டி நிறைந்த பரீட்சைகளுக்கு நம் பிள்ளைகளை எவ்வாறு தயார்படுத்துவது என்பதைப் பற்றி, படிப்படியாகச் சிந்திப்போம்.

திறந்திருக்கும் வாசல்

இந்நாட்டில் ஏழைப் பிள்ளைக்கும் செல்வந்தர் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளே வழங்கப்படுகிறது. 1945 ஆம் ஆண்டு சீ.டப்ளியூ.டப்ளியூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1980 இலிருந்து வழங்கப்பட்டுவரும் இலவசப் பாடநூல்களும் பல நாடுகளில் கிடைக்காத பேறுகளாகும். ஆயினும் திறந்த வாசல் மட்டும் போதாது. அதனூடாக உள்ளே செல்லும் கால்களுக்கும் வலிமை வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள்.

கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து, நவீன கல்வியைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்த சமூகத்தைத் தட்டியெழுப்பினார்கள். அவர்களும் அவர்களைப் போன்ற நல்லோரும் பாடுபட்டதன் பயனாக 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உதயமானது. பின்னர் அக்கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார்கள். நாடு இலவசக் கல்வியைத் தொடங்கிய அதே ஆண்டு அது என்பதைக் கவனியுங்கள். கட்டணம் இல்லை என்றவுடன் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை. திறமையிருந்தும் வசதியில்லாத பிள்ளை இடைவழியில் நின்றுவிடக்கூடாது என்று எண்ணினார்கள். அந்தக் கவலை இன்று நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?

தவறவிடப்படும் நான்கு ஆண்டுகள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக நம் வீடுகளில் நடக்கும் ஏற்பாடுகளைச் சொல்லத் தேவையில்லை. தாய் தூக்கத்தைத் தியாகம் செய்கிறாள். தந்தை கடன்பட்டும் வகுப்புகளுக்கு அனுப்புகிறார். பத்து வயதுப் பிள்ளை விளையாட்டை மறந்துவிடுகிறது. பரீட்சை முடிந்த மறுநாள் எல்லோருக்கும் களைப்பு. "பாவம், பிள்ளை கஷ்டப்பட்டுவிட்டது, இனிக் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்கிறோம். அந்த ஓய்வு தரம் 6 இல் தொடங்கி தரம் 9 வரை நீடிக்கிறது. தரம் 10 இல் மீண்டும் விழித்துக்கொண்டு, "சாதாரண தரம் வருகிறது" என்று பதறுகிறோம்.

நான்கு ஆண்டுகள்! சாதாரண தரப் பரீட்சையின் அத்திவாரம் முழுவதும் இடப்படுவது இந்த நான்கு ஆண்டுகளில்தான். கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னங்கள், திசைகொண்ட எண்கள், அட்சரகணிதக் கோவைகள், விகிதம், சதவீதம் ஆகியன இந்த வகுப்புகளிலேயே கற்பிக்கப்படுகின்றன. மூன்றிலிருந்து சய ஐந்தைக் கழித்தால் எட்டு வரும் என்பதைத் தரம் 7 இல் விளங்கிக்கொள்ளாத பிள்ளை, தரம் 11 இல் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை மனனம் செய்திருந்தும் விடை பிழைத்துவிடுகிறது. அப்போது நாம், "பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு வராது" என்று தீர்ப்பளிக்கிறோம். உண்மையில் நோய் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது. இப்போதுதான் காய்ச்சல் காய்கிறது.

மொழியும் அவ்வாறே. விஞ்ஞானத்தில் அல்லது வரலாற்றில் குறைந்த புள்ளி பெறும் பல பிள்ளைகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. வினா கேட்பது விளங்குவதில்லை. "விளக்குக" என்பதற்கும் "குறிப்பிடுக" என்பதற்கும் வேறுபாடு உண்டு. "காரணம் இரண்டு தருக" என்றால் ஒன்று போதாது. பாடநூலுக்கு வெளியே ஒரு பக்கமேனும் நாள்தோறும் வாசிக்கும் பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. ஆங்கிலத்தை உயர்தரம் முடிந்த பின்னர் ஆறு மாத வகுப்பில் பிடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான துறைகள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழ் மொழிமூலம் சிறப்பாகச் சித்தியடைந்து உள்ளே சென்ற பிள்ளை, முதலாம் ஆண்டிலேயே தடுமாறுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆகவே தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைக்குப் பெரும் சுமை வேண்டாம். நாள்தோறும் ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் அது நாள்தோறும் இருக்கவேண்டும். அன்று பாடசாலையில் செய்த கணக்குகளில் மூன்றை, கொப்பியைப் பார்க்காமல் மீண்டும் செய்யட்டும். ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பந்தி ஆங்கிலத்திலும் வாசிக்கட்டும். அன்று படித்ததில் ஒன்றை உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளை சொல்வது சரியா பிழையா என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

ஹிப்ழு மத்ரஸா கற்றுத்தரும் முறை

மாணவச் செல்வங்களே! இப்போது உங்களோடு பேசுகிறேன். "நான் நன்றாகப் படித்தேன், மண்டபத்தில் மறந்துவிட்டது" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். படித்தது உண்மை. ஆனால் எப்படிப் படித்தீர்கள்? கொப்பியைத் திறந்து, சிவப்புப் பேனையால் கோடிட்ட வரிகளை ஐந்து தடவை, பத்துத் தடவை வாசித்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அது பழகிய முகம்போலத் தெரிந்தது. பழகிய முகம் என்பதனால் பெயர் நினைவிருக்கிறது என்று பொருளாகாது. மண்டபத்தில் கொப்பி இல்லை, முகமும் இல்லை.

நம்முடைய ஹிப்ழு மத்ரஸாக்களைச் சென்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட குர்ஆனை எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் சுமக்கிறார்கள். இது எவ்வாறு நடக்கிறது? அவர்கள் ஒரே நாளில் பத்துத் தடவை வாசித்து மூடிவிடுவதில்லை. நாள்தோறும் மூன்று வேலைகள் உண்டு. இன்றைய புதிய பாடம் ஒன்று. சென்ற சில நாட்களில் பாடமாக்கியவை இரண்டு. பல மாதங்களுக்கு முன்னர் முடித்த பழைய ஜுஸ்உக்கள் மூன்று. இம்மூன்றையும் குர்ஆனைப் பார்க்காமல் உஸ்தாதின் முன்னிலையில் ஓதிக் காட்டவேண்டும். பிழைத்த இடத்தில் உஸ்தாத் நிறுத்துவார். பிள்ளை அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடியும் ஓதும்.

இதில் மூன்று இரகசியங்கள் உள்ளன. பார்க்காமல் நினைவுகூர்தல், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் திரும்புதல், பிழையை அந்த இடத்திலேயே திருத்துதல். நவீன ஆய்வாளர்களும் இதனையே கண்டறிந்துள்ளார்கள். 1885 இல் ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ், மனனம் செய்தவை முதல் சில மணித்தியாலங்களிலும் நாட்களிலும் மிக வேகமாக மறந்துபோவதை அளந்து காட்டினார். 2006 இல் அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலர் அதனைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். வேறு சிலர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

பரீட்சை ஐந்து நிமிடத்தின் பின் வருவதில்லை. எனவே உயிரியலுக்கும் வரலாற்றுக்கும் வணிகக் கல்விக்கும் இதே முறையைக் கையாளுங்கள். ஓர் அலகை வாசித்ததும் நூலை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிலுள்ளதை எழுதுங்கள். பின் திறந்து ஒப்பிட்டு, விடுபட்டதை வேறு நிறத்தால் சேருங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை அதே அலகுக்குத் திரும்புங்கள். இது கடினமாகத் தோன்றும். அந்தக் கடினம்தான் பாடம் உள்ளே இறங்குவதற்கான அடையாளம்.

சாதாரண தரமும் கடந்தகால வினாத்தாள்களும்

க.பொ.த. சாதாரண தரத்தில் உயர்தரம் கற்கத் தகுதிபெற, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பதே வழமையான விதி. எட்டுப் பாடங்களில் மிகச் சிறப்பாகச் செய்த பிள்ளையும் கணிதத்தில் தவறினால் வாசலில் நிற்க நேரிடுகிறது. ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? விருப்பமான பாடத்தை மேலும் மேலும் படிக்கிறார்கள். பயமான பாடத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நேர அட்டவணையில் பலவீனமான பாடத்துக்கே காலைப்பொழுதைக் கொடுங்கள். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னுள்ள அமைதியான நேரம் நம் வீடுகளில் வீணாகப் போகின்ற பெருஞ் செல்வமாகும்.

கடந்தகால வினாத்தாள்களைப் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் விடையை அருகில் வைத்துக்கொண்டு வினாத்தாள் 'செய்வது' பயிற்சியன்று. மணிக்கூட்டை முன்னால் வைத்து, மண்டபத்தில் இருப்பதுபோல் எழுதவேண்டும். முடிந்ததும் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடவேண்டும். அத்துடன் நின்றுவிடாமல், ஒரு பிழைக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, வினாவைப் பிழையாக வாசித்தேனா, கணிப்பில் கவனம் தவறியதா, நேரம் போதவில்லையா? பத்து வினாத்தாள்கள் முடியும்போது உங்கள் நோய் எதுவென்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். நேரம் போதாமையால் புள்ளி இழப்பவன் மேலும் ஒரு வகுப்புக்குப் போவதால் பயனில்லை. வினாவைப் பிழையாக வாசிப்பவனுக்குப் புதிய குறிப்புகள் மருந்தாகா.

நம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானையொட்டி விடுமுறை கிடைக்கிறது. இரவு முழுவதும் தெருவில் விழித்திருந்து, பகல் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வாலிபர்களை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். நோன்பின் நோக்கம் அதுவல்ல என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஸஹருக்கு எழுந்த பிள்ளை, ஸுப்ஹுக்குப் பின் இரண்டு மணித்தியாலம் படித்து, லுஹருக்கு முன் சிறிது உறங்கி, அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம் மீட்டினால், அந்த மாதத்தில் ஒரு பாடத்தின் பின்தங்கல் முழுவதையும் ஈடுசெய்துவிடலாம்.

உங்கள் போட்டியாளர் யார்?

உயர்தரத்துக்கு வருவோம். இங்குதான் போட்டி என்ற சொல்லின் முழுப் பொருளும் விளங்குகிறது. பல்கலைக்கழகத் தெரிவு வெறும் புள்ளிகளைக் கூட்டி நடைபெறுவதன்று. இஸட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு உயர்ந்து நிற்கிறீர்கள் என்பதை, அப்பாடத்தின் புள்ளிகள் பரந்திருக்கும் அளவால் வகுத்துப் பெறுவதே அது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாடத்தில் சராசரி 40, பரம்பலைக் காட்டும் நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்வோம். அதில் 64 புள்ளி பெற்றவரின் இஸட் புள்ளி 1.5 ஆகும். வேறொரு பாடத்தில் சராசரி 65, நியம விலகல் 10 எனின், 75 பெற்றவரின் இஸட் புள்ளி 1.0 மாத்திரமே. 64 என்பது 75 ஐ வென்றுவிட்டது! எனவே, "எந்தப் பாடத்தில் இலகுவாகப் புள்ளி எடுக்கலாம்?" என்று கேட்டுப் பாடம் தெரிவுசெய்வது வீண். எந்தப் பாடத்தில் உங்களால் மற்றவர்களைவிட ஆழமாகச் செல்லமுடியும் என்று கேளுங்கள்.

தெரிவிலும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான துறைகளில் ஏறத்தாழ 40 சதவீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. உங்கள் போட்டி நாடளாவியது. குறைந்தது மாவட்டம் தழுவியது. உங்கள் மேசையில் பக்கத்தில் இருப்பவன் உங்கள் எதிரியல்லன். ஆயிரக்கணக்கானோர் தோற்றும் பரீட்சையில் அவன் ஒருவனுக்குக் குறிப்பை மறைத்து நீங்கள் அடையும் இலாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாறாக, நீங்கள் ஐந்து பேர் கூடி ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்தால் ஐவரும் உயர்வீர்கள். பொறாமை பாவம் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். இங்கு அது கணக்குப்படியும் முட்டாள்தனமானது.

விஞ்ஞானப் பிரிவில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தரப்படுகிறது. அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். இத்தகைய வேகம் அறிவால் மட்டும் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. தெரியாத வினாவைக் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும் மனவுறுதியை வீட்டிலிருந்தே பழகவேண்டும்.

ஆழ்ந்து சிந்திக்கும் போட்டிகள்

வேகம் ஒரு திறமை. ஆனால் அதற்கு நேர்மாறான இன்னொரு திறமையும் உண்டு; அது நம் பிள்ளைகளிடம் மிகக் குறைவாகவே வளர்க்கப்படுகிறது. 1959 இல் ருமேனியாவில் ஆரம்பமான சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு நாட்டிலிருந்து ஆகக்கூடியது ஆறு பாடசாலை மாணவர்கள் பங்குபற்றலாம். இரண்டு நாட்களில், நாளொன்றுக்கு நாலரை மணித்தியாலமாக, மொத்தம் ஆறு வினாக்களுக்கே விடையளிக்கவேண்டும். ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை மணித்தியாலம்! ஒவ்வொரு வினாவுக்கும் 7 புள்ளிகள். பதக்கம் பெறாதவரும் ஒரே ஒரு வினாவை முழுமையாகத் தீர்த்திருந்தால் கௌரவச் சான்றிதழ் பெறுகிறார்.

இலங்கையும் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து இப்போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பிவருகிறது. அதற்கான தேசிய மட்டப் போட்டிகள் உண்டு. பௌதிகவியல், உயிரியல், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கும் ஒலிம்பியாட்டுகள் உள்ளன. கல்வி அமைச்சு நடத்தும் தமிழ்மொழித் தினப் போட்டிகளும் ஆங்கில தினப் போட்டிகளும் உள்ளன. நம் பாடசாலைகள் பலவற்றில் இவை பற்றிய சுற்றுநிருபம் அதிபரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது. பெற்றோர்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது மலசலகூடத்தையும் மதிலையும் பற்றிக் கேட்பதுபோல, "இந்த ஆண்டு எந்தப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம்?" என்றும் கேளுங்கள்.

வெற்றி கிடைக்காவிட்டாலும் இதில் பயனுண்டு. ஒரு கணக்கோடு ஒன்றரை மணித்தியாலம் போராடிய பிள்ளை, "வராது" என்ற சொல்லை எளிதில் சொல்வதில்லை. அல்குவாரிஸ்மியும் இப்னுல் ஹைதமும் நம் பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோம். பார்வை பற்றி முன்னோர் எழுதியவற்றை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்ததனாலேயே இப்னுல் ஹைதம் ஒளியியலில் பெயர் பெற்றார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, பிள்ளைக்கு ஒரு கேள்வியோடு அமர்ந்திருக்கும் பொறுமையைப் பழக்குவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

பெற்றோரின் பங்கு

பெற்றோர்களே! உங்களிடம் நான்கு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பிள்ளையின் தூக்கத்தைப் பறிக்காதீர்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை என மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பகலில் படித்தது மூளையில் நிலைபெறுவது தூக்கத்திலேயே. நள்ளிரவு ஒரு மணி வரை மேசையில் தூங்கிவழியும் பிள்ளை படிக்கவில்லை, உங்களைத் திருப்திப்படுத்துகிறது. கைத்தொலைபேசி இரவில் பிள்ளையின் அறையில் இருக்கவேண்டாம். அது உங்கள் அறையில் இருக்கட்டும். அதற்கு முன் உங்கள் கையிலிருந்தும் கீழே இறங்கட்டும். தான் வட்ஸ்அப் பார்த்துக்கொண்டு, "போய்ப் படி" என்று சொல்லும் தந்தையின் சொல் பிள்ளையின் காதில் ஏறாது.

இரண்டாவது, ஒப்பிடாதீர்கள். "உன் மாமியின் மகளைப் பார்!" என்ற ஒரு வசனம், ஒரு பிள்ளையின் மனத்தில் உறவின் மீதும் படிப்பின் மீதும் ஒரே நேரத்தில் வெறுப்பை விதைத்துவிடும். "எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்பதற்கு முன், "சென்ற தவணையைவிட எது உனக்கு நன்றாக விளங்கியிருக்கிறது, மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். அடிக்குப் பயந்து தேர்ச்சி அறிக்கையை ஒளித்துவைக்கும் பிள்ளை, நாளை இதைவிடப் பெரிய விடயங்களையும் உங்களிடமிருந்து ஒளிக்கும்.

மூன்றாவது, தனியார் வகுப்புகளுக்கு எல்லை வையுங்கள். பாடசாலை, வகுப்பு, மீண்டும் வகுப்பு என்று இரவு எட்டு மணி வரை கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தானாக அமர்ந்து செய்துபார்க்க நேரமெங்கே? கேட்பது மட்டும் கற்றலாகாது. நீந்துவதைப் பற்றிக் கரையில் நின்று கேட்டவன் நீந்தமாட்டான். ஒரு மணித்தியால வகுப்புக்கு ஒரு மணித்தியாலத் தனிப் பயிற்சி என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள்.

நான்காவது, மகனுக்கும் மகளுக்கும் நீதி செய்யுங்கள். மகன் சாதாரண தரம் முடித்தவுடன், "கடையில் நிற்கட்டும்" என்றோ, "வெளிநாடு போகட்டும்" என்றோ தீர்மானித்துவிடுகிறோம். வியாபாரம் கண்ணியமான தொழில்தான், அதில் ஐயமில்லை. ஆனால் பதினாறு வயதில் பிள்ளை அதனைத் தெரிவு செய்ததா, நாம் அதன் தலையில் சுமத்தினோமா என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். மகளின் நிலை வேறு. விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை எல்லா ஊரிலும் இல்லை. "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று, கணிதத்தில் ஆர்வமுள்ள பெண்பிள்ளையை அருகிலுள்ள பாடசாலையில் கிடைக்கும் பிரிவில் சேர்த்துவிடுகிறோம். ஓர் ஊரிலிருந்து அவ்வாறு பத்துப் பிள்ளைகள் இருந்தால், பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வாகனத்தை ஒழுங்குசெய்ய முடியாதா? திருமண வைபவத்துக்கு வாகனங்களை ஒழுங்குசெய்யும் சமூகம் நாம். நம் பெண்பிள்ளைகளுக்கு நம் பெண் மருத்துவர் வேண்டும், பெண் ஆசிரியை வேண்டும் என்று கேட்பவர்களும் நாமே. அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

நேர்மையும் போட்டியும்

2024 செப்டெம்பரில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றினார்கள். அதன் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தமை தெரியவந்தபோது நாடு கொந்தளித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அப்போது பத்து வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. "கட்டாயம் வரும் வினாக்கள்" என்று விளம்பரப்படுத்தப்படும் வகுப்புக்குப் பின்னால் ஓடும்போது, நாமும் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர்களாகிறோம். ஊகித்துப் படித்த பிள்ளை ஒரு நாள் வெல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளை நாளை மருத்துவராகும்போது, நோயாளி ஊகித்த வினாவோடு வரமாட்டார். கையில் வந்த வினாத்தாளைத் திறக்காமல் திருப்பிக் கொடுக்கும் மனத்தைப் பிள்ளைக்கு இப்போதே கொடுங்கள். அதுவும் பரீட்சைக்கான தயார்படுத்தலே.

எதிர்பாராதவற்றுக்கும் மனத்தைத் தயார்படுத்துங்கள். 2020 க்குப் பின் கொரோனாவாலும் பொருளாதார நெருக்கடியாலும் பரீட்சைகள் மாதக்கணக்கில் பின்தள்ளப்பட்டன. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தினால் உயர்தரப் பரீட்சை இடைநடுவில் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் நூலை மூடியவர்களும் உண்டு. ஈரமான கொப்பிகளைக் காயவைத்து மீண்டும் படித்தவர்களும் உண்டு. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுமதி அட்டையையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துவையுங்கள். அட்டையிலுள்ள அறிவுறுத்தல்களை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். மண்டபத்தை முன்கூட்டியே சென்று பார்த்துவையுங்கள்.

கதவு சாத்தப்பட்ட வீட்டுக்கு

இறுதியாக, பெறுபேறு வெளியாகும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. எண்ணிய புள்ளி கிடைக்காதது தோல்விதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பரீட்சையின் தோல்வி ஒரு மனிதனின் தோல்வியாகாது. உயர்தரத்துக்கு மீண்டும் தோற்ற வாய்ப்புண்டு. 2013 இலிருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்ற ஏழு மட்டங்களைக் கொண்ட ஏணி இருக்கிறது. மின்னியல், குளிரூட்டல், வாகனத் திருத்தம் என்று தொடங்கியவர் அதில் பட்டம் வரை ஏறலாம். நேற்று வரை வழி ஒன்றே என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தவர்கள், அந்த வழி அடைபட்ட நாளில் மற்ற வழிகளைக் காட்டினாலும் பிள்ளை நம்பாது. எனவே வழிகள் பல என்பதைப் பரீட்சைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

அந்த இரவில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திட்டாதீர்கள், உறவினரின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பிள்ளையைக் கொண்டு பதில் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை உண்ணும்வரை அருகில் இருந்து, ஒரே தட்டில் சேர்ந்து உண்ணுங்கள். "உன் புள்ளிக்காக நாங்கள் உன்னை நேசிக்கவில்லை" என்பதை அந்த ஒரு பிடி சோறு, எந்த உரையையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும். வாழ்த்துச் சொல்ல அடுத்த வீட்டுக்குச் சென்ற பள்ளிவாசல் பெரியவர்களும், திரும்பி வரும் வழியில் இந்தக் கதவையும் ஒருமுறை தட்டட்டும்.

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த முறையல்ல. கட்டிவிட்டு உறங்காமல் அஞ்சிக்கொண்டிருப்பதும் முறையல்ல. தரம் 6 இலுள்ள உங்கள் பிள்ளைக்கு இன்றிரவு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் பரீட்சை இன்றே ஆரம்பமாகிவிட்டது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் அறிவையும், அதனைத் தாங்கும் நல்லொழுக்கத்தையும், தோல்வியிலும் தளராத உள்ளத்தையும் அருள்வானாக. அவர்களை இந்நாட்டின் எல்லா மக்களுக்கும் பயனுள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.